ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திய கை

எதையும் ஓடவிடுவதற்கு முன்னால் அதை எப்படி நிறுத்துவது என்று கேட்கிற ஆள் நான். மிக்சி வாங்கினாலும் கேட்பேன், வாஷிங் மெஷின் வாங்கினாலும் கேட்பேன். கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்த முதல் நாளும் அதைத்தான் கேட்டேன். வகுப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "சஹி பூச்சா ஆப்னே," என்றார். சரியாகக் கேட்டீர்கள் என்று அவர் சொன்னதும் எனக்கு அவர் மேலேயே கொஞ்சம் சந்தேகம் வந்தது. என்னை அவ்வளவு சீக்கிரம் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

எங்களுக்கு இந்தத் தீவில், அபர்டீன் பஜாரில் பாத்திரக் கடை. கீழே கடை, மேலே வீடு. வகுப்பு நடந்தது பஜாரிலிருந்து ஃபீனிக்ஸ் பே கப்பல் துறைப் பக்கம் இறங்குகிற ரோட்டில், ஒரு மருந்துக் கடையின் மாடியில். கப்பல் கிளம்பும்போது ஊதுகிற சத்தத்தில் மேடம் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். அவர் தெலுங்குக்காரர், இங்கேயே பிறந்தவர், எங்களிடம் பேசுவது இந்தியில். பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பு அது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் திரும்பலாம் என்பதால் சேர்ந்தேன். நாற்பத்து மூன்று வயதில் இது எதற்கு என்று யாராவது கேட்பார்கள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

மேடம் முதலில் கொடுத்தது வண்ணத் துண்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கும் இடம். பச்சைக் கொடியைத் தொட்டால் ஒரு பூனை நடக்கும். பக்கத்தில் இருக்கும் சிவப்புக் குறியைத் தொட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். கண்ணெதிரே ஓடியது, கண்ணெதிரே நின்றது. அந்தப் பூனையை நம்பினேன். அடுத்து பைதான் வந்தது. அதை எழுதுகிற மென்பொருளில் மேலே ஒரு சிவப்பு ஸ்டாப் பட்டன். அமுக்கினால் நிற்கும், ஆனால் அதுவரை நினைவில் வைத்திருந்த எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாக எழுந்து உட்காரும். இதற்குப் பெயர் நிறுத்துவதா, ஆளையே மாற்றுவதா என்று கேட்டேன். மேடம் இரண்டும்தான் என்றார்.

பிரவுசரில் திறக்கிற நோட்புக் என்று ஒன்று. அதில் சின்னதாக ஒரு கறுப்புச் சதுரம், அதுதான் நிறுத்தும் பட்டன். ஒரு நாள் அதை அமுக்கினேன். ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக ஓரத்தில் தெரியும் நட்சத்திரக் குறி போகவில்லை. பக்கத்தையே மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் திறந்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் போட்டுப் பார்த்த ஆப் இன்னும் மோசம். பின்னால் போகிற அம்பை அமுக்கினேன், திரை போனது, நின்றுவிட்டது என்று கைப்பையில் போட்டுக்கொண்டேன். டவுன் பஸ்ஸில் வரும்போது மடியில் பை சுட்டது. மூடுவது வேறு, நிறுத்துவது வேறு என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு போனை வெறுமனே மூடிவைக்க எனக்கு மனசு வந்ததில்லை.

கடைசியாக வந்தது கறுப்பு ஜன்னல். படம் கிடையாது, பட்டன் கிடையாது, கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும். அதில் ஓடுகிற புரோகிராமை நிறுத்த கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அமுக்க வேண்டும். அப்போது அது 'கீபோர்டு இன்டரப்ட்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நிற்கும். கீபோர்டிலிருந்து யாரோ நிறுத்தினார்கள் என்று அதற்கு அர்த்தம். கரன்ட் போய் நின்றால் இந்த வரி வராது. புரோகிராமிலேயே தப்பு இருந்து நின்றால் வேறு வரி வரும். இந்த வரி வந்தால் அங்கே ஒரு கை இருந்திருக்கிறது. இவ்வளவு நேர்மையாகக் காட்டிக்கொடுக்கிற சாமானை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேடம் ஒரு விஷயம் சொன்னார். புதிதாக இன்னொரு ஆரம்ப வகுப்பு தொடங்கப் போகிறார், லேபில் ஆள் வேண்டும், எங்கள் வகுப்பில் கடைசி ப்ராஜெக்டை ஒழுங்காக முடிக்கிறவரை எடுத்துக்கொள்வார். எனக்கு உள்ளே ஏதோ எழுந்து நின்றது. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சும்மா ஆசை இல்லை, பிடிவாதம்.

பிடிவாதத்துக்குக் காரணம் மாயாபந்தர், வடக்கே இருக்கிற ஊர். என் கணவரின் அண்ணன் அங்கே கப்பல் அணைகிற ஜெட்டிக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார். என் கணவர் கூப்பிடுகிற மாதிரியே காக்கா என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வோம். காக்காவின் மகன் கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். காக்காவுக்கு முழங்கால் சரியில்லை. நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள், அங்கே உள்ள கடையை யாருக்காவது விட்டுவிடலாம் என்று சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாயாபந்தர் ஊர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அங்கே போனால் என் கணவர் கடையில் உட்காருவார், நான் காக்கா வீட்டு அடுப்படியில் நிற்பேன், சாகும்வரை நிற்பேன். முதன்முறையாக ஒரு இடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி கிடைக்கப்போகிற நேரம் அது.

என் கணவரிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து நிமிராமல், "நல்லதுதானே. ஒனக்கு வேலை கெடச்சுட்டா காக்காட்ட சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கும்," என்றார்.

"கெடைக்காட்டி?"

"கெடைக்காட்டி போய்த்தான் ஆகணும். வேற என்னா சொல்றது அவங்கள்ட்ட?"

இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிற ஆள் அவர் இல்லை. ஒரு கிலோ மீன் வாங்கினால் மூன்று இடத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர். அவர்கள் வீடே அப்படித்தான். ஷட்டரைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார்கள். ஒரு முறை இழுத்தால் பூட்டு பொய் சொல்லலாம் என்ற எண்ணம். காக்கா இன்னும் ஒரு படி மேலே. சாதாரண போனில் பேசமாட்டார், வீடியோ காலில்தான் வருவார். "மூஞ்சியப் பாக்காம பேசுனா மனுசன் பொய் சொல்லிருவான்," என்பார். கூடப்பிறந்த தம்பிக்கும் அதே சட்டம். இந்த வீட்டுக்கு நானும் பொருத்தமான மருமகள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் ப்ராஜெக்ட் எளிமையானது. எங்கள் தீவில் நெட் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. நிமிடத்துக்கு ஒரு முறை நெட் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, வரிசை எண்ணும் நேரமும் போட்டு 'இருக்கு' அல்லது 'இல்லை' என்று எழுதுகிற புரோகிராம். தமிழில் எழுதினால் அந்தக் கறுப்பு ஜன்னலில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, அதனால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினேன். மேடம் ஒரு நிபந்தனை போட்டார். திங்கள் காலையில் தொடங்கினால் சனிக்கிழமை சாயங்காலம் வரை நடுவில் நிற்காமல் ஓட வேண்டும். நின்றால் வரிசை எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், ஏமாற்ற முடியாது. கன்ட்ரோல் சி அமுக்கினாலும் நிற்காதபடி எழுதலாமா என்று கேட்டேன். நிறுத்த முடியாத புரோகிராமை நான் பாஸ் பண்ணமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வீட்டில் என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர் இருந்தது. இன்வெர்ட்டர் இருப்பதால் கரன்ட் போனாலும் கவலை இல்லை. திங்கள் காலை புரோகிராமை ஓடவிட்டேன். கறுப்பு ஜன்னல் ஒரு ஓரத்தில் இருக்கட்டும், பில் போடுகிற வேலை அது பாட்டுக்கு நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு மதியம் வகுப்புக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் நின்றிருந்தது. கடைசி வரியில் கீபோர்டு இன்டரப்ட்.

கடையில் இருந்தது இரண்டு பேர். ஒருவர் என் கணவர். இன்னொருவர் எங்கள் சேல்ஸ்மேன், திக்லிபூர் பக்கத்து வங்காளி, எனக்கு மூத்தவர், பல வருடமாக எங்களோடு இருக்கிறவர். எதற்கும் சிரிக்கிற மனிதர் என்பதால் அவரைத்தான் முதலில் பிடித்தேன். "பாபி, மேனே ஹாத் பீ நஹீ லகாயா," என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கையே வைக்கவில்லையாம். குற்றம் செய்தவர்கள் எல்லாரும் கையைத்தான் முதலில் காட்டுவார்கள். என் கணவரைக் கேட்டேன்.

"நானா? நான் பில்லு மட்டும்தான் போட்டேன்," என்றார்.

மேடத்திடம் போய் நின்றேன். தானாக இந்த வரி வருமா என்று கேட்டேன். வராது, கீபோர்டில் யாரோ அமுக்கியிருக்கிறார்கள் என்றார். அடுத்த வாரம் மறுபடி தொடங்கச் சொன்னார்.

அடுத்த வாரம் திங்கள்கிழமை நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் நின்றது. கறுப்பு ஜன்னலைக் கீழே சுருக்கிக் கண்ணில் படாமல் வைத்திருந்தேன், அப்படியும் நின்றது. அப்படியானால் தெரியாமல் கை பட்டதில்லை. யாரோ அதைத் தேடித் திறந்து, வேண்டுமென்றே அமுக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு இரவு சாப்பாட்டுக்கு நான் யாரையும் கூப்பிடவில்லை. மூடி வைத்துவிட்டு எனக்கு மட்டும் போட்டுக்கொண்டேன்.

இதோடு இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. நான் வகுப்பிலிருந்து வரும்போது என் கணவர் போனில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பார், என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைப்பார். ஒரு முறை படியில் இறங்கும்போது, "பாத்துக்கலாம் காக்கா, கொஞ்சம் பொறுங்க," என்று பேசுவது கேட்டது. நான் கடைக்குள் வந்ததும் பேச்சு நின்றது. என் மனசு கணக்கைப் போட்டுவிட்டது. இவருக்கு மாயாபந்தர் போக ஆசை. என்னிடம் நேராகச் சொல்லத் தைரியம் இல்லை. எனக்கு வேலை கிடைக்காவிட்டால் எல்லாம் தானாக நடந்துவிடும். அதற்காகத்தான் என் புரோகிராமை நடுவில் நிறுத்துகிறார். இருபது வருடம் ஒரே பாயில் படுத்த ஆள் எனக்கு இப்படிக் குழி தோண்டுகிறாரே என்று அடுப்படியில் நின்று அழுதேன். அழுது முடித்ததும் கோபம்தான் மிச்சம் இருந்தது.

மூன்றாவது வாரம் நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கீபோர்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். கை இல்லாமல் நிறுத்த முடியாது, கீபோர்டு இல்லாமல் கையால் ஒன்றும் செய்ய முடியாது. வகுப்பில் பையிலிருந்து கீபோர்டு எட்டிப் பார்த்ததும் மேடம், "யே க்யா லே ஆயே?" என்றார். இது என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பாதுகாப்புக்கு என்றேன். அன்று முழுவதும் என் கணவர் பேனாவால் பில் எழுதினார். புரோகிராம் நிற்கவில்லை. மறுநாள் காலையில் பழைய கீபோர்டு ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்து மாட்டிவிட்டார். "யாவாரம் பண்ண வேணாமா?" என்று கேட்டார். அன்று மதியமே நின்றது.

புதன்கிழமை நான் வகுப்புக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பினேன். தெருமுனை வரை போய்த் திரும்பி, பக்கவாசல் வழியாகக் கடைக்குள் வந்து, அடுக்கி வைத்திருந்த பெரிய அண்டாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். புரோகிராமை அன்று காலை மறுபடி ஓடவிட்டிருந்தேன், பொறி வைப்பதற்காகவே. சேல்ஸ்மேன் சாப்பிடப் போனார். என் கணவர் தனியாக இருந்தார். வெளியே வெயில், தெருவில் ஆட்டோ சத்தம்கூட இல்லை. எனக்கு முதுகு வலித்தது, ஆனால் வைராக்கியம் இருந்தது.

போன் அடித்தது. என் கணவர் எடுத்துப் பார்த்தார். வீடியோ கால் அடிக்கிற சத்தம் எனக்குத் தெரியும். அவர் எடுக்கவில்லை. கையில் வைத்தபடி அது அடித்து ஓய்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். ஓய்ந்ததும் எழுந்து கம்ப்யூட்டருக்கு வந்தார். கறுப்பு ஜன்னலைத் திறந்தார். மேலே போய், காலையில் நெட் போயிருந்த நேரத்து வரிகளைத் தேடினார். மவுஸால் அந்த 'இல்லை'களின் மேல் இழுத்து வெளிச்சம் போட்டார். பிறகு இரண்டு விரலையும் வைத்து அமுக்கினார். மறுபடி அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். பூட்டை இழுத்துப் பார்க்கும்போது அவர் முகத்தில் வருகிற அதே முகம்.

புரோகிராம் நின்றது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கம்ப்யூட்டரிலேயே வாட்ஸ்அப்பைத் திறந்து, காக்காவின் படத்தைத் தட்டி, அந்த வரிகளை ஒட்டி, எதையோ திருத்தி, அனுப்பினார். அனுப்பியதும் தன் பக்கத்தில் அதை அழித்தார்.

நான் அண்டாக்களுக்குப் பின்னாலிருந்து எழுந்தேன். அவர் பயந்துபோய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

"என்னா செஞ்சீங்க மச்சான்?"

"காப்பி எடுத்தேன்."

"எதுக்கு நிறுத்துனீங்க?"

"நிறுத்தல புள்ள. சத்தியமா காப்பிதான் எடுத்தேன்."

உண்மைதான். மற்ற எல்லா இடத்திலும் எழுத்தைப் பிரதி எடுப்பதற்கும் அதே இரண்டு விசைகள்தான். கறுப்பு ஜன்னலில் வரிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒரு முறை அமுக்கினால் பிரதி எடுத்துக்கொள்ளும், தேர்வும் போய்விடும். அதோடு கையை எடுத்தால் ஒன்றும் ஆகாது. தேர்வு இல்லாதபோது இரண்டாவது முறை அமுக்கினால் அது புரோகிராமுக்குப் போய்விடும், புரோகிராம் நிற்கும். ஒரு முறை செய்ததை நம்புகிற மனிதர் கையில் என் புரோகிராம் வருடக்கணக்கில் ஓடியிருக்கும். எனக்கு வாய்த்தவர் மூன்று முறை அமுக்குகிறவர்.

"காக்காவுக்கு எதுக்கு இந்த வரி?" என்று கேட்டேன்.

அவர் உட்கார்ந்தார். காக்கா அனேகமாகத் தினமும் மதியம் கூப்பிடுகிறார், எப்போது வருகிறீர்கள் என்று நாள் கேட்கிறார். முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல இவரால் முடியவில்லை. மணி அடிக்கிறது, எடுப்பதற்குள் நெட் போய்விடுகிறது என்று முதலில் சொல்லிப் பார்த்திருக்கிறார். காக்கா நம்பவில்லை. அப்போதுதான் என் புரோகிராம் கண்ணில் பட்டிருக்கிறது. 'இல்லை' என்று நேரம் போட்டு எழுதிய வரிகளைக் காட்டியதும் காக்கா அடங்கிவிட்டார்.

"காலைல போன நெட்ட மதியம் போனதா எப்புடிக் காட்டுனீங்க?"

"நேரத்த மட்டும் மாத்திக்கிருவேன்," என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒனக்கு வேலை கெடைக்கிறவரைக்கும் தள்ளிப்போடலாம்னுதான். கெடச்சதும் அதச் சொல்லிக்கலாம்ல."

எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல், பாதி என் மேல். நான் என்னவெல்லாம் நினைத்திருந்தேன். எனக்குக் குழி தோண்டுகிறார் என்று நினைத்த கை எனக்காக நாள் கடத்திக்கொண்டிருந்திருக்கிறது, அப்படிக் கடத்துவதற்காகவே எனக்கு வேலை வாங்கித் தரவேண்டிய புரோகிராமை வாரா வாரம் கொன்றுகொண்டும் இருந்திருக்கிறது. சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. "முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஆம்பளைக்கு இம்புட்டு வேலையா? என் புரோகிராமைப் பொய்ச்சாட்சி சொல்ல வச்சுட்டீங்களே," என்று கத்தினேன். சாப்பிட்டுவிட்டு வந்த சேல்ஸ்மேன் வாசலிலேயே நின்றுவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, டீ போட்டுக் கொடுத்தேன்.

மேடம் அடுத்த வாரத்தைக் கடைசி வாய்ப்பாகக் கொடுத்தார். அதற்கு மேல் காத்திருக்க முடியாது, புது வகுப்பு தொடங்குகிறது என்றார். திங்கள் காலை ஓடவிட்டேன். தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன், அவர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டினால் நான் நம்பிவிடுவேனா, தினமும் கிளம்பும்போதும் வரும்போதும் வரிசை எண்ணைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் காக்காவுக்கு இப்போது ஆதாரம் போகவில்லை. நெட் இல்லை என்று இவர் வெறும் வார்த்தையாக எழுதியதற்கு, அந்தக் கறுப்பு வரி எங்கே என்று காக்கா கேட்டிருக்கிறார். அவருக்கு ஆதாரம் காட்டிப் பழக்கிவிட்டது இவர்தான். செவ்வாயும் கேட்டார், புதனும் கேட்டார். வியாழக்கிழமை இவருக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு வந்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கறுப்பு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அன்று வகுப்புக்குப் போகவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "வேணும்னா எடுத்துக்கங்க," என்றேன். "ஒரே ஒரு தடவை அமுக்குங்க. அதோட கைய எடுத்துருங்க. ஒண்ணும் ஆவாது."

"ஒரு தடவை அமுக்குனா ஏறிருச்சான்னு எப்புடித் தெரியும்?"

"ஏறிரும்."

"ஏறாட்டி?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் என் வேலை மொத்தமும் அந்த ஒரு அமுக்கலில் இருக்கும்போது, அவர் கையை நம்பு என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவர் வரிகளின் மேல் மவுஸை இழுத்தார். இரண்டு விரலையும் விசைகளின் மேல் வைத்தார். விரல் அமுங்கவில்லை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். மவுஸால் வேறு இடத்தில் தட்டித் தேர்வைக் கலைத்தார். போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"நெட்டு வந்துருச்சா?" காக்காவின் குரல் கடை முழுவதும் கேட்டது. கிண்டலாகத்தான் கேட்டார்.

"நெட்டு எப்பவும் இருந்துச்சு காக்கா. நாந்தான் எடுக்கல."

நான் எட்டிப் பார்த்தேன். சின்னத் திரையில் காக்காவின் முகம், நெற்றி பாதி வெட்டுப்பட்டு, இவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அனுப்புனதெல்லாம் நேரத்த மாத்தி அனுப்புனேன். நாங்க மாயாபந்தர் வரல. வரமுடியாது. இவளுக்கு இங்க வேலை கெடச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி. நான் மொதல்லயே சொல்லிருக்கணும்."

'கெடைக்காட்டியும் சரி' என்று அவர் சொன்னதும் நான் திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அதை அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எத்தனையோ முறை கேட்க ஆசைப்பட்டும், கேட்டால் பொய் சொல்வார் என்று கேட்காமல் விட்ட வார்த்தை அது.

அந்த வாரம் புரோகிராம் சனிக்கிழமை சாயங்காலம் வரை நிற்காமல் ஓடியது. மேடம் வரிசை எண்ணை மேலும் கீழும் தள்ளி நெடுநேரம் சோதித்தார், அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. எனக்கு வேலை கிடைத்தது, இன்றைக்கும் அந்த லேபில்தான் இருக்கிறேன். காக்கா மட்டும் அதற்குப் பிறகு வீடியோ காலில் வரவேயில்லை. பெருநாளைக்கு அவர் வீட்டுக்காரம்மா சாதாரண போனில் கூப்பிட்டு எல்லாருக்கும் சேர்த்து வாழ்த்துச் சொன்னார். என் கணவர் மதிய நேரத்தில் இன்னமும் போனைச் சட்டைப்பையில் போடமாட்டார், மேஜை மேல் கண்ணெதிரே வைத்திருப்பார்.

அந்த வியாழக்கிழமை கடைசியாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இவர் சொல்லி முடித்த பிறகு திரையில் காக்காவின் முகம் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு திரை கறுத்தது. இவர், "காக்கா, காக்கா," என்று இரண்டு மூன்று முறை கூப்பிட்டார். போனை ஆட்டிப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"கட்டாயிருச்சு. நெட்டு போயிருச்சு போல," என்றார்.

நான் கறுப்பு ஜன்னலைப் பார்த்தேன். அந்த நிமிடத்து வரி 'இருக்கு' என்று இருந்தது. அடுத்த நிமிடமும் வந்தது, 'இருக்கு'. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்த எழுத்து தெரியாதபடி நான் ஸ்டூலை நகர்த்திப்போட்டு உட்கார்ந்தேன்.

"ஆமா மச்சான்," என்றேன். "நெட்டுதான் போயிருச்சு."